காயத்திற்கு முன்னும் பின்னும்

(பஞ்சாயத்து உறுப்பினர்கள், விவசாயிகள் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



இத்தகைய முகாம்களில் நாம் சாலை, குடிநீர், பள்ளிக்கூடம், தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றி அடிக்கடி பேசுகிறோம். 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி நம் நாட்டில் சமுதாய அபிவிருத்தித் திட்டம் தொடங்கப்பட்ட நாள் முதல், கிராம முன்னேற்றம் என்றவுடன் இவையே நம் நினைவுக்கு வருகின்றன. அவை வேண்டியவையே. எனினும் அந்தச் சாலையில் நடப்பதும், அந்தக் கிணற்றில் நீர் இறைப்பதும், அந்த வயலில் ஏர் பூட்டுவதும் மனித உடல் அல்லவா? அந்த உடலுக்கு ஊறு நேராமல் காப்பதைப் பற்றியும், நேர்ந்துவிட்டால் செய்ய வேண்டியதைப் பற்றியும் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

காயம் என்ற சொல்லுக்கு நம் மொழியில் உடல் என்றும் பொருள் உண்டு; புண் என்றும் பொருள் உண்டு. உடல் என்ற ஒன்று இருக்கும் வரை புண் படுவதும் இருக்கும் என்று நம் முன்னோர் எண்ணினார்கள் போலும். ஆனால் எல்லாக் காயங்களும் உயிரைப் போக்க வேண்டியதில்லை; உறுப்பைப் போக்க வேண்டியதுமில்லை.

பொறுப்பு யாருடையது?

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். இரண்டு ஏக்கர் நிலம், ஒரு கறவை மாடு, பள்ளிக்குச் செல்லும் இரண்டு குழந்தைகள். கதிர் அடிக்கும் இயந்திரத்தில் குடும்பத் தலைவரின் கை சிக்கிக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். அன்று போவது கை மட்டுமன்று. அறுவடை பாதியில் நிற்கிறது. மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போகிறது. மூத்த பையன் படிப்பை விட்டுக் கூலிக்குப் போகிறான். சில ஆண்டுகளில் நிலமும் கைமாறிவிடுகிறது. பஞ்சாயத்துக் கணக்குப் புத்தகத்தில் இந்த நஷ்டத்தை எழுதுவதற்குப் பத்தி கிடையாது. ஆயினும் ஊரின் செல்வம் குறைந்ததென்னவோ உண்மை.

இப்படி ஒன்று நேரும்போது, 'அவன் தலையெழுத்து' என்று சொல்லிவிட்டு நாம் கலைந்து போகிறோம். இயந்திரத்தின் சுழலும் தண்டுக்கு மூடி போடாதது யார் எழுதிய எழுத்து? காயம்பட்டவரை எந்த மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது என்று தெரியாமல் அரைமணி நேரம் தெருவில் நின்றது யார் எழுதிய எழுத்து? விபத்து ஒரு நொடியில் நிகழ்கிறது. அதன் விளைவைத் தீர்மானிப்பது அந்த நொடிக்கு முன்பு ஊர் செய்து வைத்ததும், அதற்குப் பின்பு ஊர் செய்யப்போவதும்தான். நான் சொல்ல வந்த கருத்து இது ஒன்றே.

காயம் வருமுன்

முதலில் இயந்திரங்களை எடுத்துக்கொள்வோம். கதிர் அடிக்கும் இயந்திரம், தீவனம் வெட்டும் இயந்திரம், கரும்பு ஆலை, டிராக்டரின் பின்புறம் சுழலும் தண்டு ஆகிய யாவும் துணியைப் பிடித்து இழுக்கும் தன்மையுடையவை. முந்தானையும், தோளில் கிடக்கும் துண்டும், அவிழ்ந்த வேட்டி முனையும், பின்னாத கூந்தலும் அவற்றுக்கு அருகில் வரலாகாது. பெல்ட்டுக்கும் தண்டுக்கும் உள்ள மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு வேலை செய்வது பல ஊர்களில் வழக்கமாக இருக்கிறது. அடைத்துக்கொண்ட வைக்கோலை எடுக்க இயந்திரத்தை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் நேரம் போகுமே என்று ஓடும்போதே கையை விடுவோரும் உண்டு. இரண்டு நிமிடத்தை மிச்சப்படுத்த இரண்டு கைகளைப் பணயம் வைப்பது எந்தக் கணக்கில் சேரும்?

அடுத்து மின்சாரம். மோட்டார் கொட்டகையில் நிலக்கம்பி அறுந்து கிடப்பதும், ஒட்டுப்போட்ட கம்பி ஈரச் சுவரில் உரசுவதும், மழைக் காலத்தில் வெறுங்காலுடன் ஸ்டார்ட்டரைத் தொடுவதும் உயிருக்கு உலை வைப்பவை. ஒருவரை மின்சாரம் பற்றிக்கொண்டால் ஓடிப்போய் அவரைத் தொட்டு இழுக்க வேண்டாம். தொட்டவரையும் அது பற்றிக்கொள்ளும். முதலில் மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். அது கைக்கு எட்டாவிட்டால், தாம் காய்ந்த பலகைமேல் நின்றுகொண்டு காய்ந்த மரக் கம்பால் கம்பியை விலக்கலாம். இது வீட்டிலும் மோட்டார் கொட்டகையிலும் உள்ள இணைப்புக்கு மட்டுமே பொருந்தும். அறுந்து விழுந்த உயர் அழுத்தக் கம்பிக்கு அருகில் எவரும் செல்லலாகாது; மின்வாரியத்துக்குத் தெரிவித்துவிட்டு மற்றவர்களையும் நெருங்க விடாமல் காவல் நிற்க வேண்டும். காட்டுப்பன்றிக்கு அஞ்சி வேலியில் மின்சாரம் பாய்ச்சுவது சட்ட விரோதம் என்பதோடு, இரவில் அவ்வழியே வரும் அண்டை வீட்டாரையே பலி வாங்கும் என்பதை மறவாதீர்கள்.

மூன்றாவது, பாழ்ங்கிணறும் கழிவுநீர்த் தொட்டியும். நெடுநாள் மூடிக் கிடந்த இடத்தில் உயிர்க்காற்று இராது, நச்சுக்காற்று தங்கியிருக்கும். உள்ளே இறங்கியவர் குரல் கொடுக்கக்கூட அவகாசமின்றி மயங்கி விழுகிறார். அவரைக் காப்பாற்ற அண்ணன் இறங்குகிறார். அண்ணனைக் காப்பாற்ற மைத்துனர் இறங்குகிறார். ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பேர் இவ்விதம் மாள்வது நாம் அடிக்கடி கேள்விப்படும் செய்தி. விளக்கை இறக்கிப் பார்த்தால் போதும் என்று சிலர் நம்புகிறார்கள். விளக்கு அணையாமல் எரிந்தாலும் நச்சுக்காற்று இருக்கக்கூடும். தீப்பற்றும் காற்று இருந்தால் அந்த விளக்கே வெடிக்கு வித்தாகும். ஆகையால் மயங்கியவர் பின்னால் எவரும் இறங்கலாகாது. தீயணைப்புப் படையினரை அழைப்பதே வழி. கழிவுநீர்த் தொட்டியில் பாதுகாப்புக் கருவிகளின்றி ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. எவ்வளவு கூலி கொடுத்தாலும், ஒருவரை அங்கே இறக்க நமக்கு உரிமை இல்லை.

நான்காவது, பூச்சி மருந்து. 'மருந்து' என்று நாம் அழைத்தாலும் அது நஞ்சு. புட்டியின் மேல் உள்ள முக்கோணக் குறியைப் பாருங்கள். சிவப்பு மிகக் கொடியது; மஞ்சள், நீலம், பச்சை என்ற வரிசையில் கொடுமை குறைகிறது. இந்த நஞ்சு வாய் வழியாக மட்டுமன்றித் தோல் வழியாகவும் உடலில் ஏறும். எனவே காற்றடிக்கும் திசைக்கு எதிராகத் தெளிக்கலாகாது, கையால் கலக்கலாகாது, அடைத்த குழாயை வாயால் ஊதலாகாது. தெளிக்கும்போது வாயில் எச்சில் ஊறி, கண் மங்கி, வியர்த்துக் கொட்டினால் உடனே வேலையை நிறுத்தி, உடைகளைக் களைந்து, சோப்பும் நீரும் கொண்டு உடம்பைக் கழுவி, புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எந்த நஞ்சு என்று தெரிந்தால் டாக்டருக்கு வேலை எளிதாகும். தவறி உள்ளே போய்விட்டால் உப்புநீர் கொடுத்து வாந்தி எடுக்கச் செய்ய வேண்டாம். அது நுரையீரலுக்குள் இறங்கிக் கேட்டை இருமடங்காக்கும். காலிப் புட்டியில் எண்ணெய் ஊற்றி வைக்கும் பழக்கமும் ஒழிய வேண்டும்.

பாம்புக் கடி

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். நடுங்கினால் மட்டும் போதாது, அறிந்துகொள்ளவும் வேண்டும். 2000-ஆம் ஆண்டு முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர், பாம்புக் கடியால் இறந்ததாக ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்தார். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் பாம்புக் கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. மத்திய அரசு 2024 மார்ச் மாதத்தில் இதற்கென ஒரு தேசியத் திட்டத்தை வெளியிட்டு, 2030-க்குள் சாவைப் பாதியாகக் குறைப்பதை இலக்காக வைத்தது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக் கடியை, மருத்துவமனைகள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டியவற்றுள் ஒன்றாக அறிவித்தது.

நம் பக்கத்தில் உயிருக்கு ஆபத்து விளைவிப்பவை முக்கியமாக நான்கு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். முதலிரண்டின் நஞ்சு நரம்பைத் தாக்கி மூச்சை நிறுத்தும். பின்னிரண்டின் நஞ்சு இரத்தம் உறையாமல் செய்யும். கண்ணாடி விரியனின் நஞ்சு சிறுநீரகத்தையும் கெடுக்கும். இவற்றுள் கட்டுவிரியன் வஞ்சகமானது. இரவில் வீட்டுக்குள் வந்து, தரையில் படுத்திருப்பவரைத் தீண்டும். வலியோ வீக்கமோ இராது. கடிவாயும் கண்ணுக்குப் புலப்படாது. நள்ளிரவில் வயிற்றுவலி என்று எழுந்தவர், விடிவதற்குள் கண்ணிமையைத் தூக்க முடியாமல், பேச்சுக் குழறிக் கிடப்பார். தரையில் படுத்துறங்கியவருக்கு இந்தக் குறிகள் கண்டால், பாம்பைப் பார்க்கவில்லையே என்று தாமதிக்கலாகாது. கட்டிலில் படுப்பதும், கொசுவலையின் ஓரங்களைப் பாயின் அடியில் செருகிவிடுவதும் எளிய காப்பு. விறகையும் வரட்டியையும் வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்கினால் எலி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும். இரவில் மடை திறக்கப் போவோர் காலில் செருப்பும், கையில் விளக்கும், தரையைத் தட்டிச் செல்ல ஒரு கோலும் கொண்டுசெல்ல வேண்டும்.

இனி, கடிபட்டபின் நடப்பதைப் பார்ப்போம். விடியற்காலை 4 மணிக்கு ஒருவரைக் கணுக்காலில் பாம்பு தீண்டுகிறது. காலைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி ஊருக்குத் தூக்கி வருவதில் அரை மணி கழிகிறது. மந்திரிப்பவர் வீட்டுக்குப் போய் அவரை எழுப்புவதில் இன்னோர் அரை மணி. அவர் குளித்து வந்து வேப்பிலை அடிப்பதில் ஒரு மணி. பச்சிலை தேடுவதில் ஒரு மணி. கண் செருகிய பிறகே வண்டி தேடுகிறார்கள். மருத்துவமனை வாசலை எட்டும்போது மணி 8. நஞ்சு 4 மணிக்கே புறப்பட்டுவிட்டது. நாம்தான் 7 மணிக்குப் புறப்பட்டோம்.

'மந்திரித்துப் பிழைத்தவர்களை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்' என்று பெரியவர் ஒருவர் சொல்லலாம். அவர் சொல்வது பொய்யன்று. பெரும்பாலான பாம்புகள் நஞ்சற்றவை. நச்சுப் பாம்பு கடித்தாலும் ஒவ்வொரு முறையும் நஞ்சை இறக்குவதில்லை. அவ்வாறு கடிபட்டவர்கள் எதுவும் செய்யாவிட்டாலும் பிழைத்திருப்பார்கள். பெருமை மந்திரத்துக்குப் போய்விட்டது. நஞ்சு உண்மையிலேயே ஏறியவரைக் காப்பது பாம்பு நஞ்சுமுறி மருந்து ஒன்றே. சிறு அளவு நஞ்சைக் குதிரையின் உடலில் படிப்படியாகச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புச் சத்தைப் பிரித்து இம்மருந்தைச் செய்கிறார்கள். அதற்கு வேண்டிய நஞ்சைச் சேகரித்துக் கொடுப்பதற்கென்றே, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-இல் அமைந்தது. காட்டையும் பாம்பையும் நம்மைவிட நன்கு அறிந்த இருளர்களின் கைத்திறன் இந்த மருந்துப் புட்டிக்குள் இருக்கிறது. இதைவிடப் பெரிய பச்சிலை ஏது?

ஆகவே செய்ய வேண்டியது மிகச் சுருக்கமானது. கடிபட்டவரை நடக்கவோ ஓடவோ விடாதீர்கள். ஆறுதல் சொல்லிப் படுக்கவையுங்கள். மோதிரம், மெட்டி, கொலுசு, கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றுங்கள். வீங்கினால் அவை சதையைக் கவ்விக்கொள்ளும். கடிபட்ட கை அல்லது காலை எலும்பு முறிந்ததைப் போலக் கருதி, ஒரு குச்சியை வைத்துத் துணியால் தளரக் கட்டி, அசையாமல் வையுங்கள். இறுக்கிக் கட்டுவதும், கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் கூடாது. 108-ஐ அழையுங்கள். வண்டி வரத் தாமதமாகும் என்றால், மோட்டார் சைக்கிளில் ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் நடுவில் அவரை உட்காரவைத்துப் புறப்படுங்கள். பாம்பை அடித்துத் தேடிக் கொண்டுவர வேண்டியதில்லை.

மருத்துவமனையில் டாக்டர் ஒரு சிறு கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்திருப்பார். இரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் சோதனை அது. 'உயிர் போகிறது, டாக்டர் சும்மா இருக்கிறார்' என்று உறவினர் கூச்சலிட வேண்டாம். நஞ்சு ஏறிய குறி இல்லாதவருக்கு அம்மருந்தைக் கொடுப்பதும் தீங்கே; சிலர் உடலுக்கு அது ஒவ்வாது. குறி ஒன்றும் தோன்றாவிட்டாலும் 24 மணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்வார்கள். இருக்க வேண்டும்.

முதல் ஒரு மணி நேரம்

மற்ற விபத்துகளிலும் முதல் ஒரு மணி நேரம் பொன் போன்றது. இரத்தம் பெருகினால் தூய துணியை மடித்து வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பிடியுங்கள். நின்றதா என்று அடிக்கடி தூக்கிப் பார்க்க வேண்டாம். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். உடம்பில் குத்தி நிற்கும் கம்பியையோ கொம்பையோ பிடுங்காதீர்கள். விரல் துண்டாகிவிட்டால் அதைத் தூய நீரில் அலசி, ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி போட்ட நீரில் வைத்துக் கொண்டுசெல்லுங்கள். விரல் நேரே பனிக்கட்டியில் படலாகாது. காலத்தில் சென்றால் மீண்டும் பொருத்தக் கூடும்.

பனையிலிருந்தோ தென்னையிலிருந்தோ விழுந்தவரைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்குவது பெருங்கேடு. முதுகெலும்பு முறிந்திருந்தால், விழுந்ததில் அறுபடாத நரம்பு நாம் தூக்கியதில் அறுபடும். ஆம்புலன்ஸ் ஊழியர் வரும் வரை அவரை அசைக்காமல், தலையையும் கழுத்தையும் நேராகப் பிடித்திருப்பதே நல்லது. தூக்கியே தீர வேண்டுமானால் நான்கு பேர் சேர்ந்து, கழுத்தும் முதுகும் வளையாமல், மரக்கட்டையைப் புரட்டுவது போலப் புரட்டி ஒரு கதவுப் பலகையின்மீது கிடத்துங்கள். தொய்யும் கயிற்றுக் கட்டில் உதவாது.

கிணற்றிலோ குளத்திலோ மூழ்கியவரைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதால் பயனில்லை. மூச்சில்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஊதவும், நெஞ்சை அழுத்தவும் வேண்டும். இது பார்த்தும் கேட்டும் வராது. செய்து பழக வேண்டிய வித்தை.

தீப்புண்ணுக்கு மை, பற்பசை, மாவு எதுவும் வேண்டாம். 20 நிமிடம் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே இருப்பதுதான் முதல் மருந்து. இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். அடிபட்டவருக்குச் சோடா உடைத்துக் கொடுப்பதை நாம் பெரிய உபகாரமாக நினைக்கிறோம். அறுவை சிகிச்சை செய்ய நேர்ந்தால் வயிறு காலியாக இருக்க வேண்டும். மயங்கியவருக்குக் கொடுத்தால் மூச்சுக்குழலை அடைத்துவிடும். ஆகவே பலத்த அடிபட்டவருக்கு வாய்வழியாக ஒன்றும் கொடுக்கலாகாது.

சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கினால் போலீசு, கோர்ட்டு என்று அலைய வேண்டுமே என அஞ்சி ஒதுங்குவோர் உண்டு. உதவி செய்பவரைத் துன்புறுத்தலாகாது என்ற விதிகளுக்கு 2016-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சட்ட வலிமை கொடுத்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் அப்பாதுகாப்பு சேர்க்கப்பட்டது. உதவியவர் தம் பெயரைக் கூடச் சொல்லக் கட்டாயமில்லை. இச்செய்தியை ஊரில் உள்ள ஒவ்வோர் இளைஞரும் அறிய வேண்டும்.

சிறு காயம் என்று இகழாதீர்

அரிவாள் வெட்டும், முள் குத்தும், துருப்பிடித்த ஆணியும் விவசாயிக்கு அன்றாட விருந்தாளிகள். காயத்தின் மேல் மண்ணையோ சாணத்தையோ காப்பித்தூளையோ அப்புவோர் இன்றும் இருக்கிறார்கள். வில்வாத ஜன்னி என்றும் டெட்டனஸ் என்றும் சொல்லப்படும் நோயின் வித்து மண்ணிலும் சாணத்திலும்தான் இருக்கிறது. ஆழமான, காற்றுப் புகாத புண்ணில் அது முளைக்கிறது. நோய் சாதாரணமாக 3 நாள் முதல் 21 நாளுக்குள் வெளிப்படும். அதற்குள் நாம் அந்த முள்ளை மறந்திருப்போம். காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவுங்கள். தடுப்பூசியை 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளுங்கள். அழுக்குக் காயமாகி, முந்தைய ஊசி போட்டு 5 ஆண்டு கடந்திருந்தால் உடனே போட்டுக்கொள்ள வேண்டும்.

நாய் கடித்தால் 15 நிமிடம் சோப்பு நீரால் கழுவிவிட்டு, அன்றே ஊசி போடத் தொடங்க வேண்டும். குறித்த நாட்களில் எல்லா ஊசிகளையும் தவறாமல் போட்டு முடிக்க வேண்டும். வெறிநோயின் குறிகள் தோன்றிய பிறகு காப்பாற்ற ஏறக்குறைய வழியே இல்லை.

நீரிழிவு உள்ளவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அந்நோய் முற்றினால் பாதம் மரத்துப்போகும். முள் ஏறினாலும் வலிக்காது. வலி இல்லாததால் புண் தெரியாது. புண் தெரியாததால் சீழ் பிடித்துக் காலையே எடுக்க நேரிடும். அவர்கள் வெறுங்காலோடு வயலில் இறங்கலாகாது. தினந்தோறும் இரவில் காலைக் கழுவித் துடைத்து, உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். கண் மங்கிய முதியவருக்குப் பேரன் பேத்தி பார்த்துச் சொல்லட்டும்.

வீடு திரும்பிய பிறகு

மருத்துவமனையிலிருந்து வண்டி வீட்டு வாசலில் வந்து நின்றதும், 'எல்லாம் சரியாகிவிட்டது' என்று நாம் நினைக்கிறோம். பாதிச் சிகிச்சை அப்போதுதான் தொடங்குகிறது. கொடுத்த மாத்திரையைப் புண் ஆறியதுபோல் தெரிந்தவுடன் நிறுத்தலாகாது. கட்டுப் போட்ட கையை நாட்டு வைத்தியரிடம் அவிழ்த்துக் காட்டலாகாது. விரல்கள் நீலம் பாய்ந்தாலோ மரத்தாலோ உடனே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும். கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்தவர், சிறுநீர் குறைகிறதா, முகம் வீங்குகிறதா என்று கவனித்து, டாக்டர் சொன்ன நாளில் சோதனைக்குச் செல்ல வேண்டும். தலையில் அடிபட்டு வந்தவர் வாந்தி எடுத்தாலோ, எழுப்ப முடியாத தூக்கத்தில் ஆழ்ந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்கலாகாது.

முதுகுத் தண்டில் அடிபட்டுப் படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லையேல் படுக்கைப் புண் வரும். அதுவே உயிரைக் குடித்துவிடும். அசையாத மூட்டுகளைத் தினமும் அசைத்துவிடாவிட்டால் அவை இறுகிப்போகும். இந்த வேலை முழுவதும் வீட்டுப் பெண்கள் தலையிலேயே விழுகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிப்பதற்கும் இடம் வைக்கப்பட்டது. படுக்கையில் இருப்பவரின் பெயரைக் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லிப் பதிவு செய்வது பக்கத்து வீட்டாராலும் ஆகக்கூடிய காரியம்.

காயத்தோடு வாழ்க்கை முடிந்துவிடுவதில்லை என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுகள் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் முதுகுத் தண்டு பாதிக்கப்பட்டுக் கால்கள் செயலற்றுப் போனார். அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து, வேலூரில் அத்துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் உருவாயிற்று. தென்காசிப் பக்கத்து ஆய்க்குடியைச் சேர்ந்த திரு. எஸ். ராமகிருஷ்ணன், 1975-இல் கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர். அவர் 1981-இல் தம் ஊரிலேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அடிபட்டவர்களுக்கும் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கும் சிகிச்சையும் கல்வியும் தொழிலும் கிடைக்க அந்தக் கிராமத்தில் வழி பிறந்தது. ஆய்க்குடி பட்டணம் அன்று. ஒரு கிராமத்தில் இது முடிந்தது என்றால், நம் கிராமத்தில் ஒருவர் நாற்காலியை விட்டு வெளியே வரச் சாய்தளம் ஒன்றேனும் போட நம்மால் முடியாதா?

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

இவ்வளவும் கேட்டபின், 'பணத்துக்கு எங்கே போவது?' என்று கேட்பீர்கள். நான் சொல்லப்போகும் ஆறு காரியங்களில் பெரும்பாலானவற்றுக்கு வேண்டியது பணமன்று, அக்கறையே.

முதலாவதாக, நம் ஊருக்கு அருகில் இரவிலும் டாக்டர் இருக்கும் மருத்துவமனை எது, பாம்பு நஞ்சுமுறி மருந்தும் வெறிநாய்க்கடி ஊசியும் எங்கே இருக்கின்றன என்று இன்றே நேரில் சென்று கேட்டு அறியுங்கள். அதைப் பெரிய எழுத்தில் பஞ்சாயத்து அலுவலகத்திலும், பால் சங்கத்திலும், ரேஷன் கடையிலும் எழுதி வையுங்கள். கேட்ட இடத்தில் மருந்து இல்லையென்றால், அந்தக் குறையை எழுத்து மூலம் மேலே தெரிவியுங்கள். கடிபட்ட இரவில் கேட்டுப் பயனில்லை.

இரண்டாவதாக, தெருவுக்கு இருவராக இளைஞர்களையும் மகளிர் குழுப் பெண்களையும் தேர்ந்தெடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்தின் உதவியோடு முதலுதவிப் பயிற்சி கொடுக்கச் செய்யுங்கள்.

மூன்றாவதாக, ஒரு ஸ்டிரெச்சரும், முதலுதவிப் பெட்டியும், கயிறும் பஞ்சாயத்தில் இருக்கட்டும். பூட்டின் சாவி எவரிடம் இருக்கிறது என்பது ஊருக்கெல்லாம் தெரியட்டும்.

நான்காவதாக, கைப்பிடிச் சுவரில்லாத கிணறுகளையும், மூடாத ஆழ்துளைக் குழிகளையும், தொங்கும் மின்கம்பிகளையும் அறுவடைக்கு முன் ஒருமுறை, மழைக்கு முன் ஒருமுறை சுற்றிப் பார்த்துப் பட்டியல் எடுங்கள்.

ஐந்தாவதாக, ஊரில் நேரும் விபத்துகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். எங்கே, எப்போது, எதனால் என்ற மூன்று பத்திகள் போதும். ஓராண்டு எழுதினால், எந்த வளைவில் விளக்கு வேண்டும், எந்தக் களத்தில் இயந்திரத்துக்கு மூடி வேண்டும் என்று அந்த நோட்டே சொல்லும். ஆண்டுக்கு ஒரு கிராம சபையிலேனும் அதைப் படியுங்கள்.

ஆறாவதாக, காயம்பட்டு வீடு திரும்பியவரின் பெயர் பஞ்சாயத்தின் நினைவில் இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு, உழவர் பாதுகாப்புத் திட்ட உதவி, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை ஆகியவற்றில் அவருக்கு உரியது எது என்று விசாரித்து, மனு எழுதிக் கொடுக்க ஓர் உறுப்பினர் பொறுப்பேற்கட்டும். படுக்கையில் கிடப்பவர் அலுவலகம் அலுவலகமாக அலைய முடியாது.

நண்பர்களே! ஊரின் எல்லையில் வரவேற்பு வளைவு கட்டினால் வருவோர் பாராட்டுவார்கள். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டினால் எவரும் பாராட்டமாட்டார்கள். ஏனெனில் அதில் விழாத குழந்தையை யாரும் எண்ணிச் சொல்ல முடியாது. பாராட்டு கிடைக்காத அந்த வேலையைத்தான் உங்களிடம் வேண்டுகிறேன். அறுவடைக் காலம் நெருங்குகிறது. முதல் கதிர் களத்துக்கு வருமுன், நான் சொன்ன ஆறில் இரண்டையாவது உங்கள் ஊரில் தொடங்கிவிடுங்கள். அதற்கு வட்டார அலுவலகம் எல்லா உதவியும் செய்யும் என்று கூறி என் உரையை முடித்துக்கொள்கிறேன்.